வெற்றுத் தாளிற் கையொப்பம்

வாக்காளன் ஒருவன் தன் முன் நிற்கும் அபேட்சகரை எதனைக் கொண்டு நிறுப்பது? முகத்தைக் கொண்டா, நாவன்மையைக் கொண்டா, அன்றி அவர் சார்ந்த கட்சியின் நிறத்தைக் கொண்டா? வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆனால் அரசன் தனக்கு வேண்டிய துணைவரை ஆராய்ந்து தேர்வதற்கென வகுக்கப்பட்டது அது. குடிகளே அரசனைத் தேரும் காலம் வந்தபின் அந்தத் தராசு நம் கைக்கு மாறிவிட்டது. தராசு மாறிய வேகத்தில் அதனைப் பிடிக்கும் பழக்கம் மாறவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

பொதுப்படப் பேசிப் பயனில்லை. 2008-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்வோம். ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமாவும் குடியரசுக் கட்சியின் ஜோன் மக்கெயினும் எதிரெதிர் நின்ற அத்தேர்தலில் இரு பெரும் பிரச்சினைகள் மேலோங்கி நின்றன. ஒன்று, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஈராக்கில் நடைபெற்றுக்கொண்டிருந்த யுத்தம். மற்றது, வீழ்ந்துகொண்டிருந்த வங்கிகளை அரசாங்கப் பணங்கொண்டு தூக்கி நிறுத்துவதா என்னும் வினா. ஒன்று உயிரைப் பற்றியது. மற்றது பொருளைப் பற்றியது. ஆதலால் அவற்றை வெவ்வேறாக வைத்துப் பேசுவோரே பலர். எனக்கோ இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு முகங்களாகத் தோன்றுகின்றன. அதனை விளக்கவே இக்கட்டுரை.

முதலிற் பொருளைப் பார்ப்போம். வீடு வாங்குவோருக்குக் கடன் கொடுத்த நிறுவனங்கள், கடனாளி அதனைத் திருப்பித் தரவல்லவனா என்பதைப் பெரிதும் ஆராயாமலே கொடுத்தன. ஆராய வேண்டிய தேவை அவற்றுக்கு இருக்கவில்லை. கொடுத்த கடனை மறுநாளே வேறொருவர் தலையிற் கட்டிவிடலாம் என்னும் நிலை ஏற்பட்டிருந்தது. இவ்வாறு விற்கப்பட்ட கடன்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகக் கட்டப்பட்டு, முறிகளாக மாற்றப்பட்டு, உயர்ந்த தரச்சான்றுடன் உலகெங்கும் விலைபோயின. அவை பொய்த்தால் ஈடு தருவதாக ஏ.ஐ.ஜி. என்னும் மாபெரும் காப்புறுதி நிறுவனம் உறுதி எழுதிக் கொடுத்தது. வீட்டின் விலை ஏறிக்கொண்டிருக்கும் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. விலை இறங்கியதும் அடுக்கிய சீட்டுக்கட்டு சரியத் தொடங்கியது.

2008 மார்ச் மாதத்தில் பெயர் ஸ்ரேர்ன்ஸ் என்னும் முதலீட்டு வங்கி மத்திய வங்கியின் உதவியோடு இன்னொரு வங்கியின் கைக்கு மாறிற்று. செப்டெம்பர் 7-ந் திகதி, வீட்டுக் கடன்களுக்கு ஆதாரமாக நின்ற பனி மே, பிரெடி மக் என்னும் இரு நிறுவனங்களையும் அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்தது. 15-ந் திகதி லீமன் பிறதர்ஸ் வங்குரோத்தாயிற்று. அதனைத் தாங்க ஒருவரும் முன்வரவில்லை. மறுநாளே ஏ.ஐ.ஜி.யைத் தாங்க மத்திய வங்கி 8,500 கோடி டொலர் கடன் கொடுத்தது. ஒன்றைக் கைவிட்டு மற்றதைக் கைதூக்கியது ஏன் என்பதற்குப் பொருளியல் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த விடை கூறவில்லை.

வங்கி முதலாளி வீழ்ந்தால் நமக்கென்ன என்று கேட்பது எளிது. நானும் அவ்வாறு கேட்கும் இனத்தைச் சேர்ந்தவனே. ஆனால் இக்காலத்துக் கம்பனி ஒன்று தன் தொழிலாளருக்குக் கூலி கொடுப்பதற்கும் சரக்கு வாங்குவதற்கும் சில வாரத் தவணையிற் பெறும் குறுங்கடனையே நம்பியிருக்கிறது. லீமன் வீழ்ந்ததும் அந்தக் கடன் ஊற்று வற்றத் தொடங்கியது. பங்குச் சந்தையை ஒருநாளும் கண்ணாற் காணாத கூலியாளின் வெள்ளிக்கிழமைச் சம்பளமும் ஆபத்தில் இருந்தது. அந்தப் பயம் பொய்ப்பயமன்று.

இந்நிலையிலேதான் திறைசேரிச் செயலாளர் ஹென்றி போல்சன் காங்கிரஸிடம் ஒரு பிரேரணையை அனுப்பினார். அது மூன்று பக்கங்களே கொண்டது. கேட்ட தொகையோ 70,000 கோடி டொலர். நச்சுப்பட்டுப்போன வீட்டுக்கடன் முறிகளை அப்பணத்தால் வாங்குவது என்பது திட்டம். எதனை, எவரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்பதைத் திறைசேரிச் செயலாளர் ஒருவரே தீர்மானிப்பார். அவர் தீர்மானத்தை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்றும் அம்மூன்று பக்கங்களில் ஓரிடத்தில் எழுதப்பட்டிருந்தது. நம்மூர்களில் அவசரத்துக்குக் கடன் வாங்குபவனிடம் வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் வட்டிக்காரரை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. இங்கே கடன் கேட்பவரே வெற்றுத் தாளையும் நீட்டினார் என்பதுதான் வேறுபாடு.

அபேட்சகர் இருவரும் என் செய்தனர்? லீமன் வீழ்ந்த அன்று புளோரிடாவில் பேசிய மக்கெயின், நாட்டின் பொருளாதார அடிப்படைகள் பலமாகவே உள்ளன என்றார். அந்த வாக்கியம் தேர்தல் முடியும்வரை அவரைத் துரத்தியது. 24-ந் திகதி அவர் தமது பிரசாரத்தை நிறுத்திவைப்பதாகவும், 26-ந் திகதி மிசிசிப்பியில் நடைபெறவிருந்த முதல் விவாதத்தைப் பின்போட வேண்டும் என்றும் அறிவித்து வாஷிங்டனுக்கு விரைந்தார். மறுநாள் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி புஷ்ஷின் தலைமையில் இரு அபேட்சகர்களும் காங்கிரஸ் தலைவர்களும் கூடினர். கூட்டத்தைக் கூட்டவேண்டும் என விரும்பிய மக்கெயின் அங்கே பேசியது மிகச் சிறிது. ஜனநாயகக் கட்சியினரின் சார்பில் ஒபாமாவே பேசினார். கூட்டம் குழப்பத்தில் முடிந்தது. உடன்பாட்டைக் குலைத்துவிடவேண்டாம் என்று சபாநாயகர் நான்சி பெலோசியின் முன் போல்சன் ஒரு முழந்தாளிட்டு மன்றாடினார். வேடிக்கை பாதி, வேதனை பாதி. அந்த முழந்தாளை நினைக்கும்போது அன்றைய பயத்தின் அளவு விளங்குகிறது.

விவாதம் குறித்த நாளிலேயே நடந்தது. மீட்புச் செலவைக் கருதி உங்கள் திட்டங்களுள் எதனைக் கைவிடுவீர்கள் என்று நடுவர் ஜிம் லேரர் இருவரையும் திரும்பத் திரும்பக் கேட்டார். நேரான விடை இருவரிடத்தும் வரவில்லை. பாதுகாப்பு, போர்வீரர் நலன், சட்டப்படி உரித்தான சலுகைகள் ஆகியவை நீங்கலாக ஏனைய செலவுகள் யாவற்றையும் உறையவைக்கலாம் என்றார் மக்கெயின். நுண்ணிய கத்தி வேண்டிய இடத்தில் கோடரியைத் தூக்குகிறீர்கள் என்று ஒபாமா மறுத்தார். கேட்டவர்கள் கைதட்டத் தக்க மறுமொழிதான். ஆனால் அதே ஒபாமா 2010 சனவரியில், ஜனாதிபதியாக நின்று, பாதுகாப்புக்குப் புறம்பான செலவுகளின் ஒரு பகுதியை மூன்றாண்டுக்கு உறையவைக்கும் யோசனையைத் தாமே காங்கிரஸின் முன் வைத்தார். விவாத மேடையில் விளங்கிய வேற்றுமை ஆட்சிப் பீடத்தில் அத்துணைப் பெரிதாக விளங்கவில்லை.

செப்டெம்பர் 29-ந் திகதி பிரதிநிதிகள் சபை அம்மசோதாவை 228-க்கு 205 என்ற கணக்கில் நிராகரித்தது. அன்றே நியூயோர்க் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் சுட்டெண் 777 புள்ளிகள் சரிந்தது. ஒக்டோபர் 1-ந் திகதி செனற் சபை, உருமாறிய மசோதாவை 74-க்கு 25 என நிறைவேற்றியது. ஒபாமாவும் 'ஆம்' என்றார். மக்கெயினும் 'ஆம்' என்றார். 3-ந் திகதி பிரதிநிதிகள் சபையும் 263-க்கு 171 என மனம் மாறியது. புஷ் அன்றே ஒப்பமிட்டார்.

உருமாறிய மசோதா எனக் கூறினேனன்றோ? மூன்று பக்கம் நானூறு பக்கத்துக்கு மேற் பெருத்துவிட்டது. அவற்றுட் சில பக்கங்கள் உண்மையிற் பயனுள்ளவை. பணத்தைத் தவணைகளாகப் பிரித்தமை, மேற்பார்வைக் குழு அமைத்தமை, வங்கி வைப்புக்கான காப்பை ஒரு இலட்சம் டொலரிலிருந்து இரண்டரை இலட்சமாக உயர்த்தியமை என்பன அத்தகையன. முதல் நாள் 'இல்லை' என்றவர்களின் பிடிவாதமும் இவற்றுட் சிலவற்றுக்குக் காரணம். ஆனால் சிறுவர் விளையாடும் மர அம்புகளுக்கு வரி விலக்கும் அதே சட்டத்தில் ஏறிக்கொண்டது. எரிகிற வீட்டிற் பிடுங்கியது இலாபம் என்பது நம்மவர் பழமொழி. அது வாஷிங்டனிலும் வழங்குகிறது போலும். இத்தகைய ஒட்டுச் சலுகைகளை ஒழிப்பதே தம் வாழ்நாள் விரதம் என்று மேடைதோறும் முழங்கியவர் மக்கெயின். அம்புகளோடு சேர்த்தே அவரும் வாக்களித்தார்.

இனி, சட்டம் நிறைவேறியபின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். நச்சு முறிகளை வாங்குவதற்கென்று பெற்ற அதிகாரம் அதற்குப் பயன்படுத்தப்படவில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒன்பது பெரிய வங்கிகளுக்கு நேரே மூலதனம் செலுத்தத் தீர்மானிக்கப்பட்டது. முறிகளை வாங்கும் யோசனை கைவிடப்பட்டதென நவம்பரில் போல்சன் அறிவித்தார். டிசம்பரில் அதே நிதியிலிருந்து மோட்டார்க் கம்பனிகளுக்கு 1,740 கோடி டொலர் கடன் ஒதுக்கப்பட்டது. கையொப்பமிட்டவர் எவரும் இதற்கென்று கையொப்பமிட்டிலர். தாள் அகலமாக இருந்தமையால் எல்லாம் அதில் அடங்கின. மொத்தம் 44,000 கோடி டொலருக்குச் சற்று மேல் செலவாயிற்று. வங்கிகளுக்குக் கொடுத்த பணம் இலாபத்துடன் திரும்பிற்று. எல்லாம் கழித்து அரசாங்கத்துக்கு ஏற்பட்ட நட்டம் ஏறத்தாழ 3,100 கோடி டொலர் என்பது காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகத்தின் கணிப்பு. வங்கி பிழைத்தது. 2009 மார்ச்சில் ஏ.ஐ.ஜி. தன் அலுவலர்களுக்கு 16.5 கோடி டொலர் வெகுமதி வழங்கவும் முடிந்தது. வீட்டை இழந்த இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த வேகத்தில் ஒருவரும் உதவவில்லை.

ஆக, பொருள் விஷயத்தில் தராசின் இரு தட்டும் சமம். இருவரும் ஒரே வாக்களித்தனர். ஒருவர் பதறினார், மற்றவர் பதறவில்லை என்பதே மிஞ்சும் வித்தியாசம். பதறாத காரியம் சிதறாது என்று நம்பும் வாக்காளனுக்கு அது சிறிய வித்தியாசமன்று. எனினும் பதறாமையும் விவேகமும் ஒன்றல்ல. பதறாமலே தவறான தாளில் ஒப்பமிடுவோரும் உளர்.

யுத்தத்துக்கு வருவோம். இங்கும் ஒரு ஒக்டோபர் மாதமே. ஆறு ஆண்டுகள் முந்தியது. 2002 ஒக்டோபரில் ஈராக்கின்மீது படையை ஏவும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு வழங்கும் தீர்மானம் காங்கிரஸின் முன் வந்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தாமதித்தால் பேரழிவு நேரும் என்று அப்போதும் சொல்லப்பட்டது. உளவுத் துறையினர் தயாரித்த தொண்ணூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அறிக்கை செனற்றர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. அதனை முழுமையாகப் படித்தோர் மிகச் சிலரே. பிரதிநிதிகள் சபை 296-க்கு 133 எனவும், செனற் சபை 77-க்கு 23 எனவும் தீர்மானத்தை நிறைவேற்றின. மக்கெயின் 'ஆம்' என்றார். பின்னர் ஒபாமாவுடன் போட்டியிட்ட ஹிலரி கிளின்டனும் 'ஆம்' என்றார். ஒபாமாவுடன் உப ஜனாதிபதிப் பதவிக்கு நின்ற ஜோ பைடனும் அவ்வாறே. 2003 மார்ச்சில் யுத்தம் தொடங்கியது. தேடிய பேரழிவு ஆயுதங்கள் அகப்படவில்லை. 4,400-க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரும் இலட்சத்துக்கு மேற்பட்ட ஈராக்கியரும் மாண்டனர்.

இவ்விரு வாக்கெடுப்புகளையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டும்படி அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்களிடம் நான் சொல்வதுண்டு. அச்சம், அவசரம், ஒரே அலுவலகத்திற் குவியும் அதிகாரம், நோக்கம் மாறியபின்னும் நிலைத்து நிற்கும் சட்டம் என யாவும் இரண்டிலும் காணப்படும். ஈராக் தீர்மானம் சதாம் ஹுசைனை வீழ்த்துவதற்கென வந்தது. அவர் மறைந்து எட்டு ஆண்டுகளின் பின், 2014-இல், வேறொரு பகைவரோடு பொருத ஒபாமாவின் அரசாங்கம் அதனையும் ஆதாரமாகக் காட்டியது. 2020 சனவரியில் ஈரானியத் தளபதி சுலைமானியைக் கொன்றபோது டிரம்ப்பின் அரசாங்கமும் அதே தீர்மானத்தைக் காட்டியது. மீட்பு நிதியைப் போலவே இந்தத் தாளும் அகலமானதே.

2002 ஒக்டோபர் 2-ந் திகதி சிக்காகோ நகரத்துச் சதுக்கம் ஒன்றில் இந்த யுத்தத்தை எதிர்த்துப் பேசியவர்களுள் இல்லினோய் மாநிலச் செனற்றராக இருந்த ஒபாமாவும் ஒருவர். அப்பேச்சே பிற்காலத்தில் அவரை ஜனாதிபதிப் பீடத்துக்கு இட்டுச் சென்ற ஏணியின் முதற்படி. அதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது? அவருக்கு அன்று காங்கிரஸில் வாக்கு இல்லை; யுத்தத்தை வெறுத்த தொகுதியொன்றின் பிரதிநிதி அவர்; பேசியதால் இழப்பு ஏதும் இல்லை என்று எதிர்த்தரப்பார் வாதித்தனர். வாதம் நியாயமானது; ஆயினும் முழுமையானதன்று. மேலவைக்கு அவாவிய இளைஞர் ஒருவருக்கு, நாடெங்கும் போர்வெறி மூண்ட வேளையில் மௌனமே இலாபமாக இருந்திருக்கும்.

மக்கெயினின் தட்டிலும் நிறை உண்டு. வியட்னாமில் ஐந்தரை ஆண்டு சிறையிருந்து சித்திரவதைப்பட்டவர் அவர். யுத்தம் யாதென அவருக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2007-இல் ஈராக்குக்கு மேலும் படை அனுப்பவேண்டும் என்று அவர் வாதித்தபோது மக்கள் அதனை வெறுத்தனர். அவரது பிரசாரமே குலைந்துபோகும் நிலை ஏற்பட்டது. அவர் அசையவில்லை. அப்படை சென்றபின் ஈராக்கில் கொலைகள் குறைந்தன. குறைந்ததற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஒபாமா அதனை எதிர்த்தவர். இழப்பை எதிர்நோக்கி உரைத்த சொல்லுக்கே நிறை அதிகம் என்று கொண்டால், 2007-இன் மக்கெயின் 2002-இன் ஒபாமாவுக்குக் குறைந்தவரல்லர். ஆனால் மூட்டிய தீயை அடக்க முயல்வதும், மூட்டாதே என்று தடுப்பதும் ஒரே தரத்தன ஆகா. என் வாக்கு அந்நாட்டில் இருந்திருப்பின் இந்த ஒரு காரணம்பற்றியே ஒபாமாவுக்குச் சென்றிருக்கும். கொடுத்த பணத்திற் பெரும்பகுதி திரும்பிவிட்டது. பக்தாத்தின் வீதிகளில் மாண்டவர் ஒருவரும் திரும்பவில்லை.

அவ்வாறு வாக்களித்தோர் பலர் பின்னர் ஏமாற்றமடைந்ததாகக் கூறினர். 2009 டிசம்பரில் ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு மேலும் முப்பதாயிரம் படையினரை அனுப்பத் தீர்மானித்தார். அதே மாதத்தில் சமாதானத்துக்கான நோபல் பரிசையும் பெற்றுக்கொண்டார். காட்சி விசித்திரமானதே. ஆனால் இதில் வஞ்சனை இல்லை. ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதற் படை என்பது தேர்தலுக்கு முன்னரே அவர் சொன்னது. சிக்காகோப் பேச்சிலும், எல்லா யுத்தங்களையும் தாம் எதிர்க்கவில்லை என்றே அவர் தெளிவாகக் கூறியிருந்தார். கேட்டவர்கள் தமக்கு இனித்த பாதியை மட்டும் கேட்டுக்கொண்டனர். ஈராக்கிலிருந்து படை 2011 டிசம்பரில் வெளியேறியது. அதற்கான உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டிருந்ததோ புஷ்ஷின் அரசாங்கம்.

உண்மையிலே வஞ்சிக்கப்பட்ட வாக்காளரும் உண்டு. 1964-இல் லிண்டன் ஜோன்சனைச் சமாதான அபேட்சகர் என்று நம்பி, பரி கோல்ட்வாட்டரை யுத்தப் பிரியர் என்று அஞ்சி வாக்களித்தவர்களை எண்ணிப் பார்க்கலாம். ஆசிய இளைஞர் செய்யவேண்டியதைச் செய்ய அமெரிக்க இளைஞரை அனுப்பமாட்டோம் என்றார் ஜோன்சன். மறு ஆண்டே அனுப்பினார். 1968-இல் அங்கிருந்தோர் ஐந்து இலட்சத்துக்கு மேல். அவர் பேச்சை நிறுத்தவர்கள், அதற்குச் சில வாரங்களின் முன் ஓகஸ்ட் மாதத்தில் அவர் காங்கிரஸிடம் பெற்றுக்கொண்ட டொன்கின் வளைகுடாத் தீர்மானத்தை நிறுக்கவில்லை. அதனை எதிர்த்தோர் செனற் சபையில் இருவரே: வெயின் மோர்ஸ், ஏர்னஸ்ட் குரூனிங். இருவரும் 1968-இல் தம் ஆசனங்களை இழந்தனர்.

2002-இலும் 2008-இலும் இரு தாள்களிலும் ஒப்பமிட மறுத்தவர்கள் மிகச் சிலர். விஸ்கொன்சின் செனற்றர் ரஸ் பைன்கோல்ட் அவர்களுள் ஒருவர். 2010-இல் அவர் தோற்றார். வேர்மொன்ற் மாநிலத்தின் பேர்னி சாண்டர்ஸ் இன்னொருவர். முதல் தாள் வந்தபோது அவர் பிரதிநிதிகள் சபையிலும், இரண்டாவது வந்தபோது செனற் சபையிலும் இருந்தார். 2016 மார்ச் 6-ந் திகதி மிச்சிகன் மாநிலத்தின் பிளிண்ட் நகரில் அவரும் ஹிலரி கிளின்டனும் ஒரே மேடையில் நின்றபோது மீட்பு நிதி மீண்டும் தராசில் ஏறியது. சாண்டர்ஸ், கிளின்டன் வங்கிகளுக்கு வாக்களித்ததைச் சுட்டினார். கிளின்டனோ, அந்நிதியின் இரண்டாம் பாதியை விடுவிப்பதை 2009 சனவரியில் சாண்டர்ஸ் எதிர்த்ததை எடுத்துக்காட்டி, மோட்டார்த் தொழிலைக் காத்த பணம் அதுவே என்றார். அவர் கூறியதிலும் உண்மை இருந்தது. அத்தொழிலை நம்பி வாழும் ஊரில் அது குத்தும் என்பதை அறிந்தே கூறினார். இரண்டு நாட்களின் பின் மிச்சிகன் வாக்காளர் சாண்டர்ஸைச் சிறிய வித்தியாசத்தில் வெல்லச்செய்தனர். கட்சியின் நியமனம் கிளின்டனுக்கே சென்றது. நவம்பரில் அதே மிச்சிகன் டொனால்ட் டிரம்ப்பின் பக்கம் சாய்ந்தது. ஈராக் யுத்தத்தைத் தாம் முன்னமே எதிர்த்ததாக அவர் மேடைகளிற் கூறிவந்தார். 2002 செப்டெம்பரில் வானொலிப் பேட்டியொன்றில் அவர் அதற்கு ஆதரவாகச் சொன்ன விடையோ ஒலிப்பதிவில் இருந்தது.